கல் பக்கம், தோல் பக்கம்

என் அக்காவைச் சந்தையில் பட்டக்கா என்று கேட்டால்தான் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொன்னால், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று கையை விரிப்பார்கள். கத்தியைத் தீட்டி முடித்துக் கொடுக்கும்போது, "பட்டு மாதிரி இருக்கா, பாருங்க" என்று கேட்பாள். யாருக்குக் கொடுத்தாலும் அதே கேள்விதான். கேட்டுக் கேட்டு அதுவே அவள் பெயராக ஒட்டிக்கொண்டது. நான் அவளுக்கு அடுத்துப் பிறந்தவள். லாரி டிப்போ கேன்டீனில் சமைக்கிறேன். எனக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அதை இங்கே சொல்ல மாட்டேன். என் வாயைப் பற்றியது என்று தெரிந்தால் போதும்.

மாமாவும் அவளும் நடத்தியது சாணைக் கடை. கறிக்கடை வரிசை முடிகிற இடத்தில், அகலமில்லாத, நீளமான ஒரே அறை. வாசல் பக்கம் மாமாவின் கல் சக்கரம். உள்பக்கம் அக்காவின் தோல் சக்கரம். இரண்டுக்கும் தனித்தனி மோட்டார். நடுவில் ஒரு தார்ப்பாய், மேலே கம்பியில் கட்டித் தொங்கும். அதற்கும் தரைக்கும் ஒரு சாண் இடைவெளி. இருவரும் தாழ்ந்த பலகையில்தான் உட்காருவார்கள். மாமா கல்லில் தீட்டிய கத்தியை, பிடி முன்னால் வரும்படி அந்த இடைவெளியில் நீட்டுவார். அக்கா இந்தப் பக்கமிருந்து இடது கையை நீட்டி வாங்கிக்கொள்வாள். பகல் முழுக்கப் புருஷன் பெண்டாட்டி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடத்திய கடை அது ஒன்றாகத்தான் இருக்கும். "அதனாலதான் ரெண்டு பேரும் சண்டை இல்லாம இருக்கீங்க" என்று நான் கிண்டல் செய்வேன். தார்ப்பாய்க்கு அந்தப் பக்கமிருந்து மாமாவின் குரல் வரும்: "நீயும் ஒண்ணு வாங்கிக் கட்டிக்க மச்சினி. உன் வீட்டுக்காரரு பொழைச்சுப் போவாரு."

தார்ப்பாய் கட்டியது தோலுக்காக. கல் சக்கரம் இரும்பைத் தேய்த்துக் கூர் கொண்டுவரும். ஆனால் தேய்த்த விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு நிற்கும். அதோடு கொடுத்தால் முதல் நாள் நன்றாக வெட்டும். மறுநாள் பிசிறு மடங்கிக் கத்தி மொண்ணையாகிவிடும். அந்தப் பிசிறை எடுப்பது தோல். மரச் சக்கரத்தைச் சுற்றி ஒட்டிய கெட்டித் தோலில் பச்சை மெழுகைத் தேய்த்து, அது சுற்றும்போது கத்தியைப் பட்டும் படாமலும் வைத்து எடுக்க வேண்டும். சக்கரம் ஓடுகிற திசையைத்தான் விளிம்பு பார்த்திருக்க வேண்டும். எதிர்த்து வைத்தால் கத்தி தோலைக் கிழித்துக்கொண்டு இறங்கும், இல்லாவிட்டால் ஆள் மேல் பாயும். கல்யாணமாகி வந்த புதிதில் அக்கா அப்படி எதிர்த்து வைத்து ஒரு புதுத் தோலை நாசம் பண்ணினாள். மாமா ஓடி வந்து அவள் கையைப் பிடித்து விரல் விரலாகப் பார்த்தாராம். எல்லாம் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் சிரித்தாராம். இதை அக்கா எனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள் என்று கணக்கே இல்லை.

அந்தத் தோலை அவள் பார்த்துக்கொண்ட மாதிரி எந்தத் தாயும் பிள்ளையைப் பார்த்திருக்க மாட்டாள். பிள்ளை இல்லாத வீடு, அதனால் இப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனால் அதுதான் உண்மை. கடை சாத்துமுன் தோலில் ஏறியிருக்கிற கறுப்புப் பக்கை ஒரு பழைய கத்தியின் முதுகால் சுரண்டி எடுப்பாள். தோல் வறண்டால் மெஷின் எண்ணெய் சொட்டு விட்டு உள்ளங்கையால் தேய்ப்பாள். கொஞ்சம் அதிகமாக விட்டாலும் தோல் ஊறி மெத்தென்று ஆகிவிடும், கத்தி அதில் அமுங்கிக் கூர் உருண்டுவிடும் என்பாள். வேலை முடிந்ததும் துணி உறை போட்டு மூடுவாள். எல்லாவற்றுக்கும் மேலே கல் தூசி. கல்லிலிருந்து பறக்கிற தூசியில் ஒரு பொட்டு தோலில் ஒட்டினாலும் போச்சு, அதற்குப் பிறகு வைக்கிற கத்தியிலெல்லாம் கீறல் விழும். நான் ஒருமுறை வாசல் பக்கம் கல்லைத் தொட்ட கையோடு உள்ளே போய்விட்டேன். "கையைக் கழுவிட்டு வாடி மூதேவி!" என்று அவள் போட்ட சத்தத்தில் கோழிக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

இப்படி இருந்த கடையில்தான் மாமாவின் கண் போக ஆரம்பித்தது. சர்க்கரை வியாதி. நேராகப் பார்த்தால் நடுவில் புகை மூட்டமாக இருக்கிறது, ஓரத்தில் மட்டும் தெரிகிறது என்றார். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "போன பார்வை திரும்பாதுங்க. இருக்கிறதைக் காப்பாத்திக்கப் பாருங்க" என்றார். வெளியே வந்ததும் மாமா சொன்னது இதுதான்: "கல்லுக்குக் கண்ணு எதுக்கு? கையும் காதும் இருக்குல்ல."

அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் அவர் அக்காவிடம் இன்னொன்றும் சொன்னார். அதை அவள் பின்னால் ஒரு நாள்தான் என்னிடம் சொன்னாள். "என்னைக் கல்லை விட்டு எழுப்பிடாதம்மா. எழுந்தேன்னா படுத்துருவேன்." அவ்வளவுதான் சொன்னார். அக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுவிட்டாள்.

எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. கேன்டீன் வெங்காயக் கத்தியைத் தீட்டி வாங்கிக்கொண்டு போனேன். தக்காளியில் வைத்தால் தோல் கூட அறுபடவில்லை, நசுங்கிச் சாறுதான் வடிந்தது. எனக்கு வந்ததே ஒரு கோபம். மறுநாள் நேராகக் கடைக்குப் போய் வாசலிலேயே ஆரம்பித்தேன். "என்ன மாமா, கத்தி குடுத்தா கரண்டியாத் திருப்பிக் குடுக்கறீங்க?"

மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. அதற்குள் தார்ப்பாயை விலக்கிக்கொண்டு அக்கா ஓடி வந்தாள்.

"நான்தாங்க. நான்தான் தோல்ல அழுத்தி வச்சு மழுக்கிட்டேன். கூட்டத்துல கை தப்பிப் போச்சு."

மாமாவுக்கு முகம் மலர்ந்தது. "உங்க அக்காவுக்கு வயசாகுது மச்சினி. கை கனத்துப்போச்சு. நான் கல்லுல எவ்வளவு நல்லாக் கொண்டாந்தாலும் அங்க போய்க் கெட்டுப்போனா நான் என்ன செய்ய?"

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் முழங்கையில் சதையைப் பிடித்துத் திருகினாள். அப்படியே இழுத்துக்கொண்டு பின்னால் குழாயடிக்குப் போனாள்.

"ஏண்டி, உனக்கு வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கவே தெரியாதா?"

"அப்புறம் கத்தி வெட்டலன்னா கொஞ்சணுமா?"

"அவருக்குப் பொறி தெரியலடி" என்றாள். அவ்வளவுதான், அழுதுவிட்டாள்.

கல்லில் வைத்த கத்தியில் கூர் வந்துவிட்டால் பொறி விளிம்பைத் தாண்டி மேலே ஏறி வருமாம். அதைப் பார்த்ததும் கையை எடுத்துவிட வேண்டும். மாமாவுக்கு அது தெரியவில்லை. சில கத்தியை அதிக நேரம் வைத்ததில் சூடேறி இரும்பு நீலம் பாரித்துவிடும். சிலதில் விளிம்பு அலை அலையாக வரும். சிலதில் முனைப்பக்கம் கல்லே பட்டிருக்காது. தார்ப்பாய்க்கு அடியில் வருகிற ஒவ்வொரு கத்தியையும் அக்கா தன் பக்கம் வைத்துக் கைக்கல்லில் திரும்பத் தீட்டிக்கொண்டிருந்தாள். என் வெங்காயக் கத்தி மட்டும் கூட்டத்தில் கைக்கல் படாமல் நேராகத் தோலுக்குப் போய்விட்டது.

"உனக்கென்ன பைத்தியமாக்கா? நாளைக்கு அந்த மனுஷன் விரலைக் கல்லுல விட்டுட்டார்னா?"

"அவரு விரலு போகாது. கை அவருக்கு நல்லாத்தான் இருக்கு."

"தெரிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சியா?"

"தெரியாது. நீ வாயை மூடிக்கிட்டா தெரியாது."

நான் மூடிக்கொண்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

அதற்குப் பிறகு கடைக்குப் போகும்போதெல்லாம் உள்பக்கம் போய் அவள் அருகில் உட்காருவேன். பார்க்கச் சகிக்காது. மடியில் ஈரச் சாக்கு, அதன் மேல் கைக்கல். கல்லில் கத்தி உரசுகிற சத்தம் மாமாவுக்குக் கேட்டுவிடக் கூடாதே, அதனால் தோல் சக்கரத்தைச் சும்மா ஓடவிட்டிருப்பாள். அதன் இரைச்சலில் இவள் குனிந்துகொண்டு சரக் சரக்கென்று தேய்ப்பாள். தேய்த்து, துடைத்து, அப்புறம்தான் தோலில் வைப்பாள். ஒரு கத்திக்கு ஆகிற நேரத்தில் முன்பெல்லாம் ஒரு கட்டே முடித்துவிடுவாள். வலது மணிக்கட்டு வீங்கிப் புடைத்திருந்தது. துணி சுற்றியிருந்தாள். மாமா கேட்டதற்குச் சுளுக்கு என்று சொல்லியிருந்தாள்.

இதில் இன்னொரு கொடுமை. தார்ப்பாய்க்கு அடியில் கத்தியை வாங்கும்போதெல்லாம் சத்தமாக, "நல்லா வந்திருக்குங்க" என்பாள். முன்பு அப்படிச் சொல்கிற வழக்கமே கிடையாது. கண் போன பிறகு ஆரம்பித்ததுதான். அந்தப் பக்கமிருந்து "ம்ம்" என்று ஒரு திருப்தியான குரல் வரும். இவள் கையிலிருக்கிற கத்தியில் முனைப்பக்கம் கல்லே பட்டிருக்காது.

ஒரு நாள் மீன்காரம்மா வாசலில் நின்று பெரிய கத்தியைத் தூக்கிக் காட்டிச் சொன்னார்: "அண்ணே, நீங்க கல்லு வச்சா வச்சதுதான். கண்ணு மங்கினாலும் கை மங்கல பாருங்க." மாமா பலகையிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்றைக்குப் பூராவும் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். தார்ப்பாய்க்கு இந்தப் பக்கம் அக்கா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, இரண்டு அறை விடவும் தோன்றியது.

ஆனால் தோலை ஏமாற்ற முடியுமா? கைக்கல்லின் சேறு அவள் விரலெல்லாம் இருக்கும். எவ்வளவு துடைத்தாலும் நகக்கண்ணில் நிற்கும். அவசரத்தில் அந்தக் கையோடு தோலைத் தொட்டிருக்கிறாள், மெழுகைத் தேய்த்திருக்கிறாள். எவளை ஒரு பொட்டுத் தூசிக்காக மூதேவி என்று திட்டினாளோ, அவளுக்கு எதிரிலேயே செய்தாள். தோல் கரகரவென்று ஆகிவிட்டது. சுரண்டிப் பார்த்தாள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. கத்தியிலெல்லாம் மெல்லிய கீறல். வழக்கமாக வருஷக் கணக்கில் வருகிற தோல், அது ஒட்டிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

தோல் மாற்றுவது எப்போதும் இருவரும் சேர்ந்து செய்கிற வேலை. பழைய தோலை உரித்துப் புதியதை இழுத்து ஒட்டுவது மாமா. எண்ணெயும் மெழுகும் ஏற்றுவது அக்கா. இந்தத் தடவை மாமாவுக்குத் தெரியாமல் முடித்துவிட வேண்டும் என்று, சந்தை விடுமுறையன்று மதியம் என்னை வரச் சொன்னாள். சக்கரத்தைப் பையில் போட்டு முன்தினமே வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். மாமா சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஆளுக்கொரு முனையைப் பிடித்து உரித்தோம். பாதி உரிந்திருக்கும். சுவரைத் தடவிக்கொண்டு மாமா வாசற்படியில் வந்து நின்றார்.

"என்ன, தோல் வாசனை வருது?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

"தோல் போயிடுச்சுங்க. மாத்திடலாம்னு..."

"அதுக்குள்ளயா?"

"மட்டமான தோலுங்க. கடைக்காரன் ஏமாத்திட்டான்."

மாமா வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்தார். "கொடு" என்று கையை நீட்டினார். கொடுக்காமல் என்ன செய்வது? அக்கா கொடுத்தாள். அவர் கட்டைவிரலைத் தோலின் மேல் மெதுவாக ஓட்டினார். ஓரிடத்தில் நின்றது. திரும்பப் பின்னால் போய் இன்னொரு முறை வந்தது. பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து உரசிப் பார்த்தார், உப்பு எடுத்துப் போடுகிற மாதிரி. விரலில் கல் பொடி தட்டுப்பட்டிருக்க வேண்டும்.

"தார்ப்பாயில எங்கயாவது கிழிசல் விழுந்திருக்காம்மா?" என்று கேட்டார்.

அக்கா ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "ஆமாங்க. ஓரத்துல ஒரு கிழிசல். சொல்லணும்னு நெனச்சேன், மறந்துட்டேன்."

"ம்" என்றார்.

மீதித் தோலை அவரே உரித்தார். மரத்தில் ஒட்டியிருந்த பழைய பசையைச் சுரண்டினார். புதுத் தோலின் இரண்டு முனையையும் சாய்வாகச் சீவி, பசை தடவி, இழுத்து ஒட்டிக் கயிறு சுற்றினார். அந்த வேலைக்கு அவருக்குக் கண்ணே தேவைப்படவில்லை. முனைகள் சேர்ந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன், சேர்ந்தது எங்கே என்றே எனக்குத் தெரியவில்லை. முடித்துவிட்டு, "காயட்டும்" என்று சொல்லி எழுந்து போனார்.

அவர் தலை மறைந்ததும் அக்கா என் தொடையில் தட்டினாள். "தெரியலடி அவருக்கு. கிழிசல்னு நம்பிட்டாரு."

"நம்பிட்டாரு" என்றேன். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமா இரண்டு விரலையும் இன்னும் உரசிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் நான் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு அக்காவோடு கடைக்குப் போனேன். மாமா எப்போதும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வருவார். அன்று அவள் குளித்துவிட்டு வருவதற்குள் தனியாகவே கிளம்பிப் போயிருந்தார். "காலுக்கு வழி தெரியும், போயிருப்பாரு" என்று அக்கா சொல்லிக்கொண்டே வந்தாள். ஆனால் ஓட்டமும் நடையுமாகத்தான் வந்தாள்.

கடை திறந்திருந்தது. உள்ளே போனதும் எனக்கு வேறு யார் கடைக்கோ வந்துவிட்ட மாதிரி இருந்தது. கடைசிச் சுவர் வரை வெளிச்சம் போயிருந்தது. தார்ப்பாய் இல்லை. மாமா கல்லுக்குப் பின்னால் தன் பலகையில் உட்கார்ந்திருந்தார். தார்ப்பாய் நான்காக மடிந்து அவர் மடியில் இருந்தது.

"ஐயோ, என்னங்க இது! இதை எதுக்கு அவுத்தீங்க?"

"கிழிசல்னு சொன்னியே. தைச்சுடலாம்னு அவுத்தேன்." மாமா சாதாரணமாகத்தான் பேசினார். "மேலருந்து கீழ வரைக்கும் தடவிட்டேன். ரெண்டு பக்கமும் தடவிட்டேன். கிழிசல் எதுவும் கைக்குத் தட்டுப்படலம்மா."

அக்கா வெறும் கம்பியை அண்ணாந்து பார்த்தாள். கடைசியில் அவளுக்குத் தெரிந்ததைத்தான் சொன்னாள். "முதல்ல அதைக் கட்டுங்க. தோலு புதுசு. தூசி வந்து விழுந்துடும்."

"இனிமே தூசி எங்கருந்து வரும்?" என்றார் மாமா.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமா கையை நீட்டித் துழாவி அவள் கையைப் பிடித்தார். மணிக்கட்டில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, வீங்கிய இடத்தை அழுத்திப் பார்த்தார். பிறகு விரல்களைத் தொட்டார், கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை ஒவ்வொன்றாக.

"ரொம்ப வலிக்குதா?"

"இல்லங்க."

"பொய் சொல்லாத. பழகிடுச்சு உனக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. நான் சக்கரத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு மாமா கடைக்கு வரவில்லை. படுத்துவிடுவேன் என்று சொன்னார் இல்லையா, படுக்கவில்லை. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அது அதைவிட மோசம். சாப்பாடு போட்டால் சாப்பிடுகிறார், ரேடியோ வைத்தால் கேட்கிறார், நிறுத்தினாலும் ஏன் என்று கேட்பதில்லை. நான் போய், "என்ன மாமா, மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்று வம்புக்கு இழுத்துப் பார்ப்பேன். முன்பென்றால் என் வீட்டுக்காரரை இழுத்து ஒன்று திருப்பிப் போடுவார். இப்போது "வாம்மா" என்பதோடு சரி. மச்சினி என்று கூப்பிடுவதுகூட நின்றுபோய்விட்டது.

கடையை அக்கா விடவில்லை. காலையில் கல் பக்கம் உட்கார்ந்து அன்றைக்குள்ள கத்தியெல்லாம் தீட்டிவிடுவாள். கல்லை நிறுத்தி, அறையைத் துடைத்து, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, மேலே போட்ட துணியை மாற்றிக்கொண்டு மதியம் தோல் பக்கம் போவாள். கல்லும் தோலும் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. அதனால் தார்ப்பாய் தேவையில்லை. அது மடித்தபடி பரண் மேல் கிடக்கிறது.

போன வாரம் கேன்டீன் கத்திகளை வாங்கப் போனேன். அவள் தோலில் வேலையாக இருந்தாள். பேச்சுக் கொடுக்காமல் கல் பக்கம் மாமாவின் பலகையில் உட்கார்ந்து காத்திருந்தேன். காலையில் அவள் தீட்டி அடுக்கிய கத்திகள் என் காலடியில் இருந்தன. அவள் ஒரு கத்தியை முடித்து வலப்பக்கம் வைத்தாள். சக்கரத்தைப் பார்த்தபடியே இடது கையை நீட்டினாள். தரையோடு தரையாக, உள்ளங்கை மேலே பார்த்திருக்க, தார்ப்பாய்க்கு அடியில் அந்த ஒரு சாண் இடைவெளி இருந்த இடத்தில் சரியாக அந்தக் கை வந்து நின்றது.

நான் ஒரு கத்தியை எடுத்தேன். பிடியை முன்னால் திருப்பி அவள் கையில் வைத்தேன்.

"நல்லா வந்திருக்குங்க" என்றாள் சத்தமாக.

சொன்ன பிறகுதான் திரும்பினாள். பலகையில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். கத்தியை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோல் சக்கரம் அவள் பக்கத்தில் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நான்தான் எழுந்து போய் அதை நிறுத்தினேன்.